வாணலி பேசவில்லை

போன வருஷம் பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும், மோன்ட்ரியாலிலிருந்து ஓட்டி வந்து பாஸ்-கோத் ஊரில் திவியேர்ஜ் வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். இருபத்திரண்டு வருஷமாக நான் எட்டிப் பார்க்காத ஊர். அந்தப் பக்கம் போகிற வேலை வந்தபோதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லி வேறு ஆளை அனுப்பியிருக்கிறேன். பச்சைப் பலகை அடித்த வீடு, தகரக் கூரை, பின்பக்கம் காலியான கோழிக் கொட்டகை. வானம் ஈயச் சட்டி நிறத்தில் இருந்தது. வடகிழக்குக் காற்று நதியின் மேல் ஊர்ந்து வந்து காதைக் கடித்தது.

கிளம்புவதற்கு முன் வானிலை அலுவலகத்துக்குப் போன் செய்து மோத் என்கிற இளம் கணிப்பாளரிடம் கேட்டேன். "குருணைதான் முசியே பெல்ஷா, அப்புறம் வெறும் மழை. தைரியமா போங்க" என்றாள். நானும் வரைபடத்தைப் பார்த்தேன். குருணை என்றுதான் எனக்கும் பட்டது.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் நதிப் பள்ளத்தாக்கில் குளிர்காலப் புயல் வந்தால் உயரத்தில் சூடான காற்று வந்து உட்காரும். கீழே குளிர் தரையோடு படுத்துக்கொள்ளும். மேலே உருகின துளி அந்தக் குளிரைத் தாண்டித்தான் கீழே வர வேண்டும். குளிர் கனமாக இருந்தால் துளி வழியிலேயே இறுகிப் பனிக்கட்டிக் குருணையாக விழும். அரிசி சிதறின மாதிரி துள்ளும், சத்தம் போடும், பெரிய கெடுதல் செய்யாது. குளிர் மெல்லிசாக இருந்தால் தண்ணீராகவே வந்து தொட்ட இடத்தில் உறையும். கம்பி, கிளை, படி, சாலை எல்லாம் கண்ணாடி பூசிக்கொள்ளும். அதுதான் உறைமழை. அதற்குச் சத்தமே கிடையாது. இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் ஓர் இருநூறு மீட்டர் குளிர்காற்று. அதைக் கணித்துச் சொல்லத்தான் ஓய்வு பெறும் வரை முப்பத்தொரு வருஷம் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

ரோலாந்த் திவியேர்ஜ் இந்த வீட்டுக்காரி. எங்களுக்கு வானிலைப் பார்வையாளராக இருந்தாள். காலை ஏழு, பதினொன்று, மாலை ஐந்து என்று மூன்று வேளை வெளியே போய்ப் பார்த்துவிட்டுப் போனில் சொல்வாள். கண்ணுக்கு எல்லா மழையும் ஒன்றுதான் என்பாள். அதனால் பின்கட்டில் குளிர்ந்து கிடக்கும் இரும்பு வாணலியை எடுத்துக்கொண்டு படியில் இறங்கி, அதை வானத்துக்கு நேராக நீட்டிப் பிடிப்பாள். குருணையாக இருந்தால் வாணலி கிணுகிணுக்கும். "வாணலி பேசுது, முசியே" என்பாள். உறைமழையாக இருந்தால் ஓசை இருக்காது, இரும்பு மட்டும் பளபளக்கும். "பேசல" என்பாள். அலுவலகத்தில் நாங்கள் சிரிப்போம். ஆனால் அந்த வாணலி ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

அவள் மகள் கிஸ்லேன் கதவைத் திறந்தாள். நாற்பத்தைந்து வயசு இருக்கும். அம்மாவின் அதே அகலமான நெற்றி. வீட்டை விற்கப் போவதாகவும், அம்மாவின் குறிப்பு நோட்டுகள் யாரும் பிரிக்காமல் அலமாரியில் கிடப்பதாகவும், அலுவலகத்துக்கு வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளும்படியும் எழுதியிருந்தாள். கடிதத்தைப் பார்த்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் போயிற்று. பழைய காகிதத்தின் மேல் எனக்கு இருந்த ஆசையினால் இல்லை. அந்த நோட்டில் ஒரு பக்கம் எனக்கு வேண்டும். அதைக் கிழித்து எரிக்கத்தான் வந்திருந்தேன்.

"காப்பி ஃபிளாஸ்க்லதான் இருக்கு. அடுப்பெல்லாம் எடுத்தாச்சு" என்றாள். "கையுறையக் கழட்டாதீங்க, வீடு ஐஸா இருக்கும்."

"பரவால்ல மதாம்."

"மதாம் எல்லாம் எங்கம்மாவுக்கு. நான் கிஸ்லேன்." காப்பியை நீட்டினாள். "ஊருக்குள்ள நிறுத்தி வழி கேட்டீங்களா?"

"கேட்டேன். பெட்ரோல் போடற எடத்துல."

"என்ன சொன்னாங்க?"

காப்பியை ஒரு வாய் குடித்தேன். பெட்ரோல் போடும் பையன் சொன்னதை அவள் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது?

"குருணைக்காரி வீடான்னு கேட்டிருப்பான்" என்று அவளே சொன்னாள். "இந்த ஊர்ல எவனாவது தப்பாச் சொல்லிட்டா, 'ரோலாந்தோட குருணை'ம்பாங்க. சீட்டாட்டத்துலகூட. அன்னிக்குப் பொறக்காத பசங்ககூடச் சொல்லுது. எமிலியானோட சம்சாரம் இன்னும் என் மூஞ்சியப் பாக்கறதில்ல."

எமிலியான் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தின அந்த நாளில் வானொலி குருணை என்றுதான் சொன்னது. மத்தியானம் பன்னிரண்டரைக்குப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். பாலத்துச் சரிவில் பேருந்து வழுக்கிக் கவிழ்ந்தது. பதினொரு பிள்ளைகளுக்கு எலும்பு முறிந்தது. எமிலியான் பிழைக்கவில்லை. எச்சரிக்கை ஏன் வரவில்லை என்று தேவாலயக் கூடத்தில் ஊரையே உட்கார வைத்து விசாரணை நடந்தது. பாஸ்-கோத் பார்வையாளர் குருணை என்று சொன்னார் என்று ஒருவர் அங்கே சாட்சி சொன்னார். பதிவேட்டையும் காட்டினார்.

அந்த ஒருவர் நான்தான்.

ரோலாந்த் எழுந்து நின்று மறுக்க முடியாது. அதே நாளில் பின்படியில் விழுந்து இறந்துபோயிருந்தாள்.

நோட்டுகள் முன்னறை மேசையில் அடுக்கி இருந்தன. பக்கத்தில் பழைய கறுப்புப் போன். கிஸ்லேன் மாடியில் பெட்டி கட்டப் போனாள். நான் வருஷத்தைத் தேடி எடுத்தேன். பென்சில் எழுத்து, குண்டு குண்டாக. தேதி கிடைத்தது.

ஏழு மணி: பேசுது.

பதினொரு மணி: பேசல.

எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் பக்கம் அதோடு முடியவில்லை.

பதினொன்று பத்து: பேசல.

பதினொன்று இருபது: பேசல.

பதினொன்று முப்பது: பேசல.

பத்து நிமிஷத்துக்கு ஒரு வரி. பக்கத்தின் அடிவரைக்கும். எழுத்து போகப் போகப் பெரிதாகி, கோணலாகி, விறைத்த விரலால் எழுதின மாதிரி இருந்தது. கடைசி வரியில் இருந்த மணி, அவள் உயிரோடு இருந்திருக்கவே முடியாத மணி.

கிழித்தேன். நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். திருடன் என்றால் சரியான திருடன், நோட்டுகளைப் பழையபடி நேராக அடுக்கிக்கூட வைத்தேன்.

அப்போதுதான் வீட்டில் ஏதோ குறைகிறது என்று பட்டது. வந்ததிலிருந்து தகரக் கூரையில் குருணை பொரிந்துகொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே இருந்ததால் கேட்பதை மறந்திருந்தேன். இப்போது அது இல்லை. ஜன்னலைப் பார்த்தேன். மழை நின்றிருக்கவில்லை. நேராக, மெதுவாக, ஓசையில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. வாசல் மேப்பிள் மரத்தின் கிளை நுனியெல்லாம் மினுங்கியது. என் கார்க் கதவு கண்ணாடியாகி இருந்தது.

கொட்டகையிலிருந்து கோழிகள் கொக்கரித்தன.

காலிக் கொட்டகை அது.

போன் அடித்தது.

கிஸ்லேன் மாடிப்படியில் பாதியில் நின்றாள். "அந்த லைனை அக்டோபர்லயே வெட்டிட்டாங்க" என்று மெல்லச் சொன்னாள். கீழே இறங்கி வந்தாள். சுவரில் கடிகாரம் இல்லை. என் கைக்கடிகாரத்தில் மணி பதினொன்று.

அவள்தான் எடுத்தாள். காதில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். கேட்கக் கேட்க அவள் கண் என் முகத்தில் வந்து நின்றது. பிறகு ரிசீவரை என் பக்கம் நீட்டினாள்.

"உங்க குரல்" என்றாள்.

வாங்கிக் கேட்டேன். இருபத்திரண்டு வயசு குறைந்த என் குரல். அவசரமும் அகங்காரமுமாக.

"...பலூன் ஏத்தி எடுத்த கணக்கு பொய் சொல்லாது மதாம். நானூறு மீட்டர் குளிர் இருக்கு, அது குருணைதான். மறுபடியும் போய்ப் பாருங்க."

"படி வழுக்குது, முசியே" என்றது ரோலாந்தின் குரல்.

"பத்து நிமிஷம் நின்னு ஒழுங்காப் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

"நீங்க சொன்னாச் சரி."

எங்களுக்குப் பின்னால், சமையலறையில், பின்கதவின் தாழ்ப்பாள் தானாக விலகியது. குளிர் தரையோடு வந்து கணுக்காலைப் பிடித்தது. ஈரக் கம்பளியும் கோழித் தீவனமும் கலந்த வாசனை எங்களைக் கடந்து போனது.

பிறகு ஓசையே இல்லை.

நான் அந்த ஓசையின்மையை அடையாளம் கண்டுகொண்டேன். அன்றைக்கும் இதே போல ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு கேட்டேன். கோழிகள் கேட்டன, காற்று கேட்டது, வாணலி கேட்கவில்லை. அவள் சொன்னது சரி என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்கு முந்தின குளிர்காலத்தில் இரண்டு தடவை உறைமழை எச்சரிக்கை கொடுத்து இரண்டு தடவையும் வெயில் அடித்திருந்தது. "இன்னொரு லீவு விட்டா பள்ளிக்கூடப் பசங்க உனக்குச் சிலை வெப்பாங்கடா நோர்மான்" என்று மேலதிகாரி எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். அந்தக் காலையில் குருணை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தேன். அதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

ரிசீவரில் இரும்பு விழுந்தது.

டங்.

ஒரே ஒரு தடவை.

"அது என்ன?" என்றாள் கிஸ்லேன். அவளுக்கும் கேட்டிருந்தது. ரிசீவரிலிருந்தும், பின்படியிலிருந்தும்.

அன்றைக்கு அந்த ஒரு சத்தத்தைக் கேட்டுத்தான், வாணலி பேசிவிட்டது என்று எழுதினேன். பதினொரு மணி, பாஸ்-கோத், குருணை. குருணை ஒரு தடவை மட்டும் விழாது. கூட்டமாகத்தான் விழும். முதல் வருஷம் சேர்ந்த பயிற்சியாளருக்குக்கூட அது தெரியும். எனக்குத் தெரியாதா? இருந்தும் எழுதிவிட்டு, போனைக் கீழே வைத்தேன். பத்து நிமிஷம்கூட இருக்கவில்லை.

"மறுநாள் ரோடு திறந்ததும் நான்தான் வந்து பார்த்தேன்" என்றாள் கிஸ்லேன். குரலை உயர்த்தவில்லை. "அம்மா படியில கிடந்தா. மேல ஒரு விரல் கனம் ஐஸ். கையிலேருந்து வாணலிய எடுக்க ஐஸை உடைக்க வேண்டியிருந்துச்சு. உள்ள வந்தா, போன் எடுத்தபடி மேசைமேல கிடக்கு. விசாரணையில சொன்னேன். யாரோ லைன்ல இருந்திருக்காங்கன்னு சொன்னேன். நீங்க எந்திரிச்சு, இல்ல, அவங்க குருணைன்னு சொல்லிட்டுப் போன வெச்சுட்டாங்கன்னு சொன்னீங்க. நான் அழுகைல உளர்றேன்னு எல்லாரும் நினைச்சாங்க."

"கிஸ்லேன்..."

"கோட்டுப் பைய முதல்ல பாருங்க. சொட்டுது."

கோட்டின் வலப்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. பைக்குள் கை விட்டு அந்தக் காகிதத்தை எடுத்தேன். தண்ணீரில் ஊறி, விரல் ஒட்டிக்கொள்ளும் அளவு குளிர்ந்திருந்தது. அவளிடம் கொடுத்தேன். பிரித்துப் படித்தாள். கடைசி வரி வரைக்கும் படித்தாள். நான் அப்போதுதான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவ்வளவு வெட்கம் எனக்கு.

அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவளக் கூப்பிடுங்க" என்றாள். "நீங்க சொல்லித்தான் வெளிய போனா."

பின்கதவுக்குப் போனேன். படிகள், கைப்பிடி, கொட்டகைச் சுவர் எல்லாம் கண்ணாடி பூசி இருந்தன. இரண்டாவது படியில் மட்டும் இரண்டு இடம் பூசவில்லை. பழைய மரம் காய்ந்தபடி தெரிந்தது. பக்கத்துப் பக்கத்தில், ஒரு பெண்ணின் பூட்ஸ் அளவுக்கு, விரல்நுனி கொட்டகையைப் பார்த்தபடி. மழை அந்த இடத்துக்கு மேலே எதிலோ பட்டு ஒதுங்கி விழுந்தது.

"மதாம் திவியேர்ஜ்" என்றேன். "உறைமழைதான். நீங்க சொன்னதுதான் சரி. உள்ள வாங்க."

அந்த இரண்டு இடமும் அசையவில்லை.

"இங்க சொன்னா எப்படி வருவா?" என்றாள் கிஸ்லேன் எனக்குப் பின்னாலிருந்து. "எங்க பொய் சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க. கூடத்துல, ஊருக்கு முன்னால. எமிலியானோட சம்சாரம் முன் வரிசைல இருக்கணும். நான் சொல்ல மாட்டேன், உங்க வாயால நீங்க சொல்லணும். அதுவரைக்கும் அவ நிப்பா. அவளத் தெரியாதா உங்களுக்கு? சொன்ன வேலைய முடிக்காம வர மாட்டா."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். சாலையில் உப்புப் போடும் வரை மூன்று மணி நேரம் அந்த வீட்டில் கிஸ்லேனோடு உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது ரிசீவரைத் திரும்ப வைக்கப் போனேன். "அது அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

இது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. கூடத்தில் தரை மாற்றுகிறார்கள் என்று முதலில் தள்ளினேன். அப்புறம் முழங்கால் வலி. அப்புறம் கோடையில் யாருக்கு உறைமழை ஞாபகம் இருக்கும், குளிர்காலம் வரட்டும் என்று இருந்தேன். கிஸ்லேன் வீட்டை விற்கவில்லை. மாதம் ஒரு தபால் அட்டை அனுப்புகிறாள், எழுத்து ஏதும் இல்லாமல்.

இந்தக் குளிர்காலம் நவம்பரிலேயே தொடங்கியது. மோன்ட்ரியாலில் என் வீட்டுப் போன் காலை பதினொரு மணிக்கு அடித்தது. எடுத்தால் கோழிச் சத்தம். "பேசல, முசியே" என்றது குரல். வெளியே பார்த்தேன், மழையே தொடங்கவில்லை. உடனே மோத்தைக் கூப்பிட்டு, பள்ளத்தாக்கில் உறைமழை வரும், எச்சரிக்கை கொடு என்றேன். கொடுத்தாள். மூன்று மணி நேரம் கழித்து வந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. டிசம்பரிலும் அதே மாதிரி. ஜனவரியிலும்.

"எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?" என்று மோத் கேட்டாள். ரோலாந்த் திவியேர்ஜ் சொன்னாள் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெயர் பதிவேட்டில் ஏறியிருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அனுபவம்மா" என்றேன். அலுவலகத்துக்கு வரவழைத்துக் கேக் வெட்டினார்கள். முசியே பெல்ஷாவின் மூட்டுவலிக்கு முன்னால் கம்ப்யூட்டர் எம்மாத்திரம் என்று ஒருவன் கேலி செய்தான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், கேக்கையும் தின்றேன். செத்தவளிடமிருந்து இரண்டாவது தடவை திருடினேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்-கோத் கூடத்தில் ஊர்க் கூட்டம். போன வாரம் வெட்கம் தாளாமல் என் பெயரைப் பேசுபவர் பட்டியலில் கொடுத்துவிட்டேன். எமிலியானின் மனைவி வருவாள் என்று செயலாளர் எழுதியிருக்கிறார். என்ன சொல்லவேண்டும் என்பதைத்தான் இந்தக் காகிதங்களில் எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்று வெள்ளி. ஞாயிறு முழுக்கக் குருணை என்று மோத் சொல்கிறாள்.

சற்று முன்னால் போன் அடித்தது. பதினொரு மணி.

"பேசல, முசியே" என்றாள். இத்தனை மாதமும் அந்த ஒரு வார்த்தையோடு வைத்துவிடுவாள். இன்று வைக்கவில்லை. பல்லோடு பல் அடிப்பது கேட்டது.

"படி ரொம்ப வழுக்குது. இன்னும் எவ்வளவு நேரம் நிக்கணும்?"

உள்ளே வாருங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கடவுள் சத்தியமாக அதற்குத்தான் திறந்தேன். அப்போது அந்தக் கூடம் கண்முன் வந்தது. முன் வரிசை, அந்தப் பெண்ணின் முகம், பின்னால் திரும்பிப் பார்க்கும் இருநூறு தலைகள். மோத் சொல்கிற குருணை உறைமழையானால் ஞாயிற்றுக்கிழமை சாலை வழுக்குமே, கூட்டத்தை அடுத்த மாதம் வைக்கச் சொல்லலாமே என்று மனசு கணக்குப் போட்டது.

"இன்னும் ஒரு பத்து நிமிஷம், மதாம்" என்றேன். "நான் லைன்லயே இருக்கேன்."

"நீங்க சொன்னாச் சரி" என்றாள்.

ரிசீவரை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் தாழ்ப்பாள்.